மூன்றணாக் கேள்வி

தோற்றுப் போவோம் என்று தெரிந்தும் ஒருவன் வழக்காடலாமா? கோர்ட்டு விவகாரம் என்றால், "வேண்டாம் ஐயா, வக்கீலுக்குக் கொடுக்கிற பணமாவது மிச்சமாகும்" என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். பார்லிமெண்டில் எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்களைப் பார்த்தும் இதே புத்திமதியைச் சொல்கிறவர்கள் உண்டு. "ஓட்டெடுப்பில் ஜெயிக்கப் போவதில்லை. பிறகு எதற்கு இத்தனை ஆவேசம்? சபையின் நேரம் வீணாகிறதே!" என்பார்கள்.

அலட்சியம் செய்துவிடக்கூடிய கேள்வியல்ல இது. விடை தேட நாம் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குப் போகவேண்டும்.

அதற்கு முந்தின ஆண்டுதான் சீனாவுடன் நடந்த போரில் நாடு அடிபட்டிருந்தது. அந்த வேதனை ஆறுவதற்குள் ஆசார்ய கிருபளானி, நேருவின் மந்திரிசபைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். லோக் சபை விவாதித்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அதுதான். 1962 தேர்தலில் காங்கிரசுக்கு 361 இடங்கள் கிடைத்திருந்தன. முடிவைத் தெரிந்துகொள்ள ஜோசியரிடம் போகவேண்டியதில்லை. தீர்மானத்துக்குச் சார்பாக 62 ஓட்டுகள், எதிராக 347.

ஓட்டுக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. ஆனால் அந்த விவாதத்தில் எழுந்த இன்னொரு கணக்கு அத்தனை சுலபமாகத் தீரவில்லை.

அந்த ஆண்டில்தான் பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று சபைக்குள் வந்திருந்தார் டாக்டர் ராம் மனோகர் லோகியா. இந்த நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்றார் அவர். நயா பைசா வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஏழையின் மடியில் முடிந்திருந்தது அணாக் கணக்குத்தான். பிரதம மந்திரி மறுத்தார். மூன்றணா அல்ல, பதினைந்தணா என்றார். பின்னர் திட்ட மந்திரி குல்சாரிலால் நந்தா, ஏழரை அணா என்று ஒரு கணக்குச் சொன்னார்.

மூன்றா, ஏழரையா, பதினைந்தா? தூரத்திலிருந்து கேட்பவர்களுக்கு ஏதோ ஏலம் நடப்பதுபோல் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் ஒரு மனிதன் நிற்கிறான் அல்லவா?

பதினைந்தணா என்பது சராசரி. கோடீசுவரனின் வருமானத்தையும் கூலிக்காரனின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி, தலையை எண்ணி வகுத்தால் வருவது. சராசரி பொய் சொல்வதில்லை, ஆனால் மறைத்துவிடும். ஒரு வீட்டில் அண்ணன் எட்டு இட்லி தின்று, தம்பி பட்டினி கிடந்தால், சராசரிக் கணக்கில் ஆளுக்கு நாலு இட்லி. அந்தக் கணிதம் தம்பியின் வயிற்றுக்குப் புரியுமா? லோகியா பேசியது அந்தத் தம்பியைப் பற்றி. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஜனத்தொகை சுமார் 44 கோடி. அதில் 27 கோடி என்றால், ஐந்து பேரில் மூன்று பேர்.

இனி, ஏழரை அணாவுக்கு வருவோம். திட்டக் கமிஷன் அமைத்த குழு ஒன்று 1962-ல், ஒரு மனிதனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 20 ரூபாய் வேண்டும் என்று வரையறுத்திருந்தது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் ஆகிற செலவு அதில் சேரவில்லை. மாதம் 20 ரூபாய் என்றால் நாளொன்றுக்குப் பத்தணாவுக்குச் சற்று மேலே. ஆக, மந்திரி சொன்ன கணக்கையே வேதவாக்காக எடுத்துக்கொண்டாலும், சர்க்காரே வகுத்த கோட்டுக்குக் கீழேதான் அந்த மக்கள் கிடந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் சொன்ன தொகை குறைவு என்றே இருக்கட்டும். அவர் விரல் நீட்டிக் காட்டிய புண் பொய்யல்லவே!

பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகியிடம் படையில்லை, கட்சியில்லை. கையில் ஒரு சிலம்பு இருந்தது. அவள் சொன்ன அடையாளத்தைக் கேட்ட பாண்டியன் அதை உதறித் தள்ளவில்லை. தன் கருவூலத்துச் சிலம்பு என்று தான் நம்பியிருந்ததையே அவள்முன் வைக்கச் சொன்னான். தன் கணக்கைத் தானே சோதனைக்கு உட்படுத்தியதால்தான், தவறு செய்த அரசனாயிருந்தும் அவன் நம் மனத்தில் இன்னும் அரசனாக நிற்கிறான். ஆளுகிறவர்களுக்கு இதுவே சோதனை. 347 என்பது ஓர் எண். அது பதிலாகிவிடாது.

எதிர்த்துக் கேட்பவர்களுக்குச் சோதனை இல்லையா? உண்டு, அது இன்னும் கடினமானது. நோயைப் பற்றி வைத்தியரும் விசாரிக்கிறார். பாடை கட்டுகிறவனும் விசாரிக்கிறான். கேள்வி ஒன்றுதான், உள்ளம் வேறு. நாட்டின் பசியைப் பற்றிச் சபையில் முழங்குகிறவர், அந்தப் பசியை நாளைக்கே சர்க்கார் தீர்த்துவிட்டால் மகிழ்ச்சி அடைவாரா? அல்லது, பேசுவதற்குப் பொருள் போயிற்றே என்று ஏங்குவாரா? கூச்சலிலும் வெளிநடப்பிலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவரவர் மனச்சாட்சிதான் சாட்சி.

அதைவிடப் பெரிய சோதனை, அதே மனிதர் ஆளும் வரிசைக்கு மாறி உட்காரும்போது வருகிறது. லோகியாவுக்கு அந்தச் சோதனை வரவில்லை. 1967-ல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய தோழர்கள் சிலர் 1977-ல் மத்திய மந்திரிகள் ஆனார்கள். மூன்றணாக்காரன் அப்போதும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். நேற்று எதிர்வரிசையிலிருந்து கேட்ட கேள்வி, இன்று தன்னை நோக்கி வரும்போதும் நியாயமாகத் தோன்றுகிறவன்தான் உண்மையில் நாட்டுக்காகக் கேட்டவன்.

அந்த 27 கோடிப் பேரில் ஒருவன்கூட அன்று சபைக்குள் எழுந்து நின்று தன் பசியைச் சொல்லியிருக்க முடியாது. அவனுக்காக யாரோ ஒருவர்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் குரல் அவருடைய சொந்தச் சொத்தல்ல, இரவல் வாங்கியது. இரவல் வாங்கியதை வீணாக்கவும் உரிமையில்லை. பயந்து ஒளித்து வைக்கவும் உரிமையில்லை.

தோற்றுப் போவோம் என்று தெரிந்தும் வழக்காடலாமா? வழக்கு தன்னுடையதாக இருந்தால் யோசிக்கலாம். பிறருடையதாக இருந்தால், ஆடித்தான் தீரவேண்டும்.