அடித்தது 65, எழுதியது 66

1968 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு அன்று அமெரிக்காவின் அகஸ்டாவில் முடிந்த மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் முடிவு ஏடுகளில் இப்படி நிற்கிறது: அமெரிக்கரான பாப் கோல்பி 277 அடிகளில் முதலிடம், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 278 அடிகளில் இரண்டாமிடம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர் என்பது கோல்ஃப் கணக்கு. ஆனால் நான்கு நாளிலும் சேர்த்து டி விசென்சோ அடித்தது 277தான். கடைசி நாளில் 17ஆம் குழியை அவர் மூன்றே அடிகளில் முடித்ததை மைதானத்தில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கண்டார்கள். அட்டையில் அந்தக் குழிக்கு நேரே 4 என்று இருந்தது.

கோல்ஃபில் ஒருவருடைய கணக்கைக் கூட ஆடுபவர் எழுதுவார். ஆடியவர் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எழுதியவர் டாமி ஆரன். 18ஆம் குழியில் ஓர் அடி கூடிப்போன மனத்தாங்கலோடு, பக்கத்தில் போட்டிருந்த சிறு மேசையில் அமர்ந்து, வரிசையைப் பார்க்காமலே கையெழுத்திட்டார் டி விசென்சோ. உண்மையைவிடக் குறைந்த எண்ணில் கையெழுத்திட்டிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். கூடுதல் எண்ணில் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிற்கும். அன்று அவர் ஆடிய 65, 66 ஆயிற்று. இல்லையென்றால் மறுநாள் இருவரும் மீண்டும் 18 குழிகள் ஆடி முடிவு கண்டிருப்பார்கள். அன்று அவருக்கு 45ஆவது பிறந்தநாள் வேறு.

செய்த வினைக்கும் வந்த பலனுக்கும் இடையே இப்படி ஒரு பிளவு தெரியும்போது, பலனைத் தருவது எது என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் விழுப்புரம் மாவட்டத்து மண்ணிலேயே வேரூன்றியிருக்கின்றன.

முதல் விடை சமணருடையது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் இருக்கும் ஜினகாஞ்சி மடம்தான் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழங்கல்வெட்டும் உள்ளன. சமணத்தில் பலனை அளக்கும் கடவுள் இல்லை. வினை என்பது நுண்ணிய பொருளாக உயிரில் வந்து ஒட்டும். காலம் கனியும்போது தானே பலன் தந்து உதிரும். எண்வகை வினைகளில் ஒன்றான அந்தராயம் இங்கே கூர்ந்து பார்க்கத் தக்கது. கொடுப்பவர் ஆயத்தம், பொருளும் இருக்கிறது, பெறுபவருக்குத் தகுதியும் உண்டு. ஆனாலும் கைக்கு வந்து சேராது. இதை லாபாந்தராயம் என்பார்கள். அகஸ்டாவில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு எதற்கும் பொருந்திவிடும் விளக்கம் இது என்று குறை சொல்லவும் இடமுண்டு. சமணர் அதோடு நிற்பதில்லை. வினை வந்து கட்டுவதற்கான காரணங்களில் கவனமின்மையையும் அவர்கள் சேர்க்கிறார்கள். பழவினை தடுத்தது என்பதும், பார்க்காமல் கையெழுத்திட்டது என்பதும் அவர்கள் கணக்கில் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

இரண்டாவது விடை சைவ சித்தாந்தத்துடையது. அதன் தலையாய நூலான சிவஞான போதத்தை 13ஆம் நூற்றாண்டில் அருளிய மெய்கண்டார் வாழ்ந்த ஊர், விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர். பன்னிரண்டு சூத்திரங்களில் இரண்டாவது இதைப் பேசுகிறது. செயல் செய்த கணத்திலேயே கழிந்துவிடுகிறது. எஞ்சும் வினையோ அறிவற்ற சடம். தன்னைச் செய்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. தேடிப் போய்ச் சேரவும் அதனால் ஆகாது. உயிரும் சிற்றறிவுடையது, துன்பத்தைத் தானாகத் தேர்ந்துகொள்ளாது. ஆகவே எல்லாம் அறிந்த ஒருவனே பலனை ஊட்ட வேண்டும். மெய்கண்டாருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனை மருத்துவனுக்கு ஒப்பிட்டார்: அறுத்துக் கீறுவதும் இனியதைக் கொடுத்து ஆற்றுவதும் ஒரே பரிவின் இரு வேலைகள்.

அகஸ்டாவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் சித்தாந்தியின் வாதத்துக்கு வலு கூடுகிறது. அடித்த அடிகள் காற்றோடு போயின. மிஞ்சியது ஓர் அட்டை, அதுவும் சடம். போட்டிக் குழுவினருக்கு உண்மை தெரிந்தே இருந்தது. நோயால் நடமாட்டம் குன்றியிருந்த நிறுவனர் பாபி ஜோன்ஸிடமும் கேட்டுப் பார்த்தார்கள், வழியில்லை. அறிவு மனிதர்களிடமும் அதிகாரம் அட்டையிடமும் இருந்த நிலை அது. பலன் தருபவர் விதிக்குக் கட்டுப்பட்டால் விதிதான் பலன் தருகிறது என்று சமணர் இங்கே திருப்பிக் கேட்கலாம். அந்தக் கேள்வியும் எளிதில் தள்ளக்கூடியது அன்று.

மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு அதே திருவெண்ணெய்நல்லூரில் ஓர் ஏட்டு வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தனக்கு அடிமை என்கிறார். அவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை தன்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில். வழக்கு அவ்வூர் அவைக்குப் போகிறது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உலக வழக்கில் இல்லையே என்று அவையோரே தயங்குகிறார்கள். ஆனாலும் பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், பொருந்துகிறது. சுந்தரர் அடிமை என்று தீர்ப்பாகிறது. முதியவரின் வீட்டைக் காட்டச் சொன்னால் அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார். அவரை வைத வசைச்சொல்லையே முதற்சொல்லாக்கிச் சுந்தரர் பாடத் தொடங்கினார் என்பது வரலாறு. வழக்கு நடந்த இடம் என்று அந்தக் கோயிலில் ஒரு மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இரண்டு இடத்திலும் கண் கண்டதை எழுத்து வென்றது. வேறுபாடு எழுத்தை வைத்திருந்தவரிடம் இருக்கிறது. கயிலையில் கொடுத்த வாக்கின்படி தடுத்தாட்கொள்ள வந்தவன் கையில் ஓலை இருந்தது. ஓலை சொல்வதற்கு மேலும் அவனுக்குத் தெரியும். சுந்தரர் இழந்தது திருமணம், பெற்றது தன்னை ஆண்டவனை. அகஸ்டாவின் அட்டைக்குப் பின்னால் அப்படி ஒருவரும் நிற்கவில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பு சரியானதாக இருந்தும் மனம் ஆறவில்லை. வென்ற கோல்பிக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவரும் அன்று 66 அடித்துத்தான் 277ஐ எட்டினார். பிறர் பலனை அவர் பறிக்கவில்லை என்பதைக் கடிதம் எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

வழியில்லை என்று சொன்ன ஜோன்ஸுக்கும் இதில் ஒரு பழங்கணக்கு உண்டு. 1925 அமெரிக்க ஓபன் போட்டியில், அடிக்க ஆயத்தமானபோது பந்து அசைந்துவிட்டது என்று தனக்குத் தானே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஓர் அடியால் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் வில்லி மெக்ஃபார்லேனிடம் தோற்றார். அங்கே அட்டை உண்மையைச் சொன்னது, ஆடியவர் நெஞ்சே சாட்சியாக இருந்ததால். டி விசென்சோவும் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொண்டார், ஆரனைக் குறை சொல்லவில்லை. வந்த வினையைச் சினமின்றித் துய்த்தால் அது உதிரும், புதிதாக ஒட்டாது என்ற சமண நெறிக்கு இது அருகில் வருகிறது.

ஆரனின் கதை 1973இல் தொடர்ந்தது. அவ்வாண்டு மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்றில் அவருடைய கணக்கை எழுதிய ஜானி மில்லர், 13ஆம் குழிக்கு 4க்குப் பதில் 5 என்று குறித்திருந்தார். ஆரன் கையெழுத்துக்கு முன்பே கண்டு திருத்தினார். 283 அடிகளில், ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். பார்க்காமல் விட்டிருந்தால் ஜே. சி. ஸ்னீடோடு சமன். புது வினை வந்து புகாமல் காக்கும் விழிப்பைச் சமணர் செறிப்பு என்பார்கள். சித்தாந்தியோ, அந்த விழிப்பையும் கூட்டி வைத்தவன் ஒருவன் உண்டு என்பார். கையெழுத்திட்ட கூடுதல் எண்ணே நிற்கும் என்ற விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது.