தாது வருடமும் அணையா அடுப்பும்

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. பசியால் மாண்டோர்க்கு நடுகல் எங்கே? பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் ஒருசேர வாட்டியது பெரும்பஞ்சம். மைசூரில் மட்டும் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். நாம் பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் அன்று ஒரே துயரைச் சுமந்தன. ஆங்கில அரசோ, நிவாரண வேலைக்கான நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தது. பசித்தோர் மண் சுமந்து வெட்டிய சென்னைக் கால்வாய், ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. வெட்டியவர் பெயரை அறிவார் இலர்.

ஆயினும் மக்கள் மறந்தாரில்லை. ஆண்டின் பெயராலேயே அதனைத் 'தாது வருடப் பஞ்சம்' என்றனர், கும்மிகளாக்கிப் பாடினர். ஏட்டில் எண்ணிக்கையாக நின்றவர்கள் பாட்டில் மனிதர்களாக வாழ்ந்தனர்.

எனினும், பாடி அழுவது மட்டுமே நினைவாகுமா? அப்பஞ்சத்திற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1867-இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அரசு உழைப்பை அளந்து கூலி தந்தது. அவ்வடுப்போ பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு சோறிடுகிறது.

மாண்டோர்க்கு நாம் நாட்டத்தக்க நடுகல் அத்தகைய அடுப்பே எனக் கருதுகின்றோம். பசித்து வருபவனிடம் ஊரும் மொழியும் வினவாது இலை இடுவோமாயின், தாது வருடத்தை நாம் மறக்கவில்லை என்பது பொருள்.