முடுக்கில் வீசிய அனல்

காயல்பட்டினத்தை அறிந்தோர்க்கு முடுக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. பெண்மக்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்று வர முன்னோர் விட்டுவைத்த ஒடுங்கிய சந்து அது. காற்றும் அவ்வழியேதான் எங்கள் அறைகளுக்குள் வருகிறது. சென்ற ஆண்டுச் சித்திரை வெக்கை தாளாமல், பிள்ளைகள் வற்புறுத்த, படுக்கையறைக்கு ஒரு டன் ஏ.சி. வாங்கினேன். அதன் வெளிப்பெட்டிக்கு இடம் கேட்டபோது, பொருத்த வந்தவர் முடுக்கைக் காட்டினார். நானும் சிந்தியாமல் தலையசைத்து விட்டேன்.

பத்து நாள் கழித்து, எதிர்வீட்டு மூதாட்டி சன்னலை அடைத்தே வைத்திருப்பதாக என் மனைவி சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "வெக்கை அடிக்குதும்மா. ஆலிம்சாட்ட சொல்லிராதே, புள்ளைய நல்லாத் தூங்கட்டும்" என்றாராம். அவர் வீட்டில் இருப்பது ஒரு மின்விசிறி மட்டுமே.

இவ்வியந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு டன் ஏ.சி. முழு அளவில் இயங்கும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் செலவாகும் ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகி, ஆக நாலரை கிலோவாட் வெளியே கொட்டப்படுகிறது. வீண்விரயம் பற்றிப் பேசும் நாம் மின்கட்டணச் சீட்டோடு நின்று விடுகிறோம். பணம் என்னுடையது, சரி. அந்த அனல் யாருடையது?

ஓதிக் கொடுப்பவனின் பழக்கம், கிதாபைப் புரட்டினேன். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் எனக்கு உவப்பான இடம் ஒன்று கிடைத்தது. குடியிருப்புகளின் நடுவே உள்ள தன் வீட்டைக் குளியற்கூடமாகவோ தொழுவமாகவோ ஒருவன் ஆக்கிக்கொள்ளலாம், சுவர்களைப் பலப்படுத்தி எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்பதே அங்கே ஏற்கப்பட்ட கருத்து. நெஞ்சு நிம்மதியுற்றது. ஆனால் அதே நூலின் சுல்ஹுப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்! பொதுவழியில் நடப்போர்க்கு இடர் தரும் எதையும் அதன்மேல் நீட்டலாகாது என்பது அங்கே உள்ளது. என் பெட்டி தொங்கியது என் உடைமையிலன்று, முடுக்கில். எனக்குச் சாதகமான பாடத்தை மட்டும் தேடி எடுத்திருக்கிறேன் என்பதை உணர்ந்தபோது நாணினேன்.

குளிர்ச்சியை நாடுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வியர்த்துப் புழுங்குவதில் என்ன நன்மை இருக்கிறது? முன்னோரும் குளிர்ச்சியை நாடியவர்களே. கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, நடுமுற்றம் என்று கட்டினார்கள். அந்த முற்றத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடியவர்கள் நாம்தாம். (என் வீட்டில் மூடியவன் நானே.) வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடலாமே என்பார்கள். வறண்ட காற்று வீசும் உள்நாட்டில் அது நன்றாகப் பயன்படும். எங்கள் கடற்கரையின் ஈரக்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது.

ஆகவே செய்ய முடிந்ததைச் செய்தேன். மொட்டைமாடித் தளத்துக்கு வெண்சுண்ணாம்பு பூசினேன். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறமாகத் தட்டி கட்டினேன். உள்ளே திரை போட்டால், கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பம் அறையிலேயே தங்கிவிடுகிறது. 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் ஏ.சி.கள் 24 பாகையில் தொடங்குமாறு அரசு விதித்துள்ளது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். நாங்கள் 27இல் வைத்து விசிறியையும் சுழலவிடுகிறோம். மூன்றாம் நாள் பிள்ளைகளின் முணுமுணுப்பு அடங்கிற்று.

வெளிப்பெட்டியை மாடிக்கு ஏற்றினேன். செம்புக்குழாய் நீண்டதால் செலவும் கூடிற்று. மாடியில் கொட்டும் அனலும் ஊர்க் காற்றில்தான் கலக்கிறது. அதற்கு யாரிடம் பொறுப்புக் கேட்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அஸருக்குப் பின் எதிர்வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. "மிசின் கெட்டுப் போச்சா?" என்று அவர் என் மனைவியிடம் கவலையோடு விசாரித்தாராம்.