மாவினால் செய்த கோழி

மாவினால் ஒரு கோழியைச் செய்து அதை அறுத்தால் அது கொலையாகுமா? கேட்டவுடன் சிரிப்பு வருகிற கேள்விதான். ஆனால் யசோதர காவியம் என்ற சமணக் காப்பியம் முழுவதும் இந்த ஒரு கேள்வியின்மேல் நிற்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று அது. பள்ளிக்கூடத்தில் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு ஆயுள் முழுவதும் நாம் திறந்து பார்க்காத நூல்களில் ஒன்று.

யசோதரன் என்ற அரசன் தீய கனவு கண்டதாகத் தாயிடம் சொல்லுகிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தோஷம் தீரும் என்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலை கூடாது என்கிறான் மகன். குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுபோல இருவருக்கும் நடுவில் ஒரு சமரசம் ஏற்படுகிறது. உயிருள்ள கோழி வேண்டாம், மாக்கோழியாக இருக்கட்டும். அந்தச் சமரசத்துக்குக் கவிஞர் கொடுக்கிற தண்டனை பயங்கரமானது. தாயும் மகனும் மயிலாக, நாயாக, மீனாக, ஆடாக, கோழியாகப் பிறவிதோறும் பிறந்து, பிறவிதோறும் வதைபடுகிறார்கள். கத்தி மாவில்தான் இறங்கியது; ஆனால் மனம் கோழியை அல்லவா அறுத்தது என்பது கவிஞரின் கட்சி.

இந்தப் பழைய வழக்கை இப்போது கிளப்புவதற்குக் காரணம், தல்லாகுளத்தில் இருக்கும் நண்பர் ஒருவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய பேரன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு வீடியோ விளையாட்டில் மூழ்கிவிடுகிறான். கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்று பெயர். 2020-ல் வெளிவந்தது. 1274-ல் மங்கோலியர் ஜப்பானைச் சேர்ந்த சுஷிமாத் தீவின்மேல் படையெடுத்தது சரித்திரம். அந்தப் படையெடுப்பில் தப்பிப் பிழைத்த ஜின் என்ற சாமுராய் வீரன் கற்பனை. பையன்தான் ஜின். வாளை உருவினால் பத்துப் பேர், இருபது பேர் என்று வெட்டிச் சாய்த்துக்கொண்டே போகிறான்.

"சார், இதைப் பிடுங்கி வைத்துவிடலாமா? நாளைக்கு இவன் மனசு என்ன ஆகும்?" என்று நண்பர் கேட்டார். அவர் முகத்தில் இருந்தது விளையாட்டான கவலை அல்ல.

நானும் ஒரு மத்தியானம் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழகான காட்சி என்பதை மறுக்க முடியாது. வெள்ளிப் புல் காற்றில் சாய்கிறது. போகவேண்டிய திசையை அந்தக் காற்றே காட்டுகிறது. நரி ஒன்று முன்னால் ஓடிச் சிறு கோயிலுக்கு வழிகாட்டுகிறது. அதைத் தடவிக் கொடுக்கலாம். சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே மலைச்சரிவில் உட்கார்ந்து ஹைக்கூ இயற்றலாம். (ஹைக்கூ பிறந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. போகட்டும், நம் சரித்திர நாவல்களில் இதைவிடப் பெரிய அதிசயங்கள் நடக்கின்றன.) கதையிலும் ஒரு தர்மவிசாரம் உண்டு. எதிரியின் கண்ணைப் பார்த்து, நேருக்கு நேர் நின்று கொல்வதுதான் வீரம் என்று ஜினை வளர்த்த மாமன் போதித்திருக்கிறார். அந்த முறையில் போரிட்டால் தீவைக் காப்பாற்ற முடியாதென்று மருமகன் இருட்டில் ஒளிந்து முதுகில் குத்துகிறான். இந்தப் பிளவுதான் கதையின் உயிர். ஆனால் எப்படிக் கொல்வது என்று அத்தனை நேரம் வாதாடுகிற அந்த இருவரும், சாகிறவன் யார் என்று கேட்கக் காணோம்.

நண்பரின் பயத்துக்கு எதிராகச் சொல்ல எனக்கு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பதிலிப் பலி நமக்குப் புதிதல்ல. புதுக்கடை திறக்கிற அன்று பூசணிக்காய்க்குள் குங்குமத்தை நிரப்பித் தெருவில் உடைக்கிறோமே, அது என்ன? சிவந்து வழிவது எதற்குப் பதிலாக வழிகிறது? உடைப்பவர் யாரும் மறுநாள் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. உயிர்ப்பலியைத் தடுக்க 1950-லேயே சென்னை ராஜ்யத்தில் சட்டம் வந்தது. 2003-ல் அதைக் கண்டிப்பாக அமல் செய்யப் போய், எதிர்ப்பு வலுத்து, 2004-ல் சட்டமே ரத்தாயிற்று. சட்டத்தால் ஆகாத காரியத்தைப் பூசணிக்காய் ஓரளவு செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கவிஞர் கோபித்துக்கொண்டாலும் சரி, சந்திரமதியின் சமரசத்தில் மனிதன் ஒரு படி இறங்கி வந்திருக்கிறான்.

இரண்டாவது, அதே 2020-ல் நிஜமான சுஷிமாத் தீவில் புயல் அடித்து, வாதாஜுமி என்ற பழைய கோயிலின் தோரண வாசல் ஒன்று விழுந்துவிட்டது. அதைத் திரும்ப எழுப்ப 50 லட்சம் யென் வேண்டும் என்று நன்கொடை கேட்டார்கள். கேட்டதைப்போலப் பல மடங்கு வந்து குவிந்தது. கொடுத்தவர்களில் பெருந்தொகையானவர்கள் இந்த விளையாட்டை ஆடியவர்கள். அந்தத் தீவின் மண்ணை மிதித்திராதவர்கள். திரையில் ஆயிரம் பேரை வெட்டிய கை ஒரு கோயில் வாசலுக்காகப் பையைத் திறந்திருக்கிறது.

இவ்வளவோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று பையன் சொன்ன ஒரு செய்தி மனத்தில் தைத்துவிட்டது.

ஜினுக்கு ஒரு குதிரை உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அதற்கு நாம் பெயர் வைக்கவேண்டும். மூன்று பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இவன் 'சோரா' என்று வைத்தானாம். ஆகாயம் என்று அர்த்தம். கதையின் நடுவில் அம்புகள் பாய்ந்து அந்தக் குதிரை செத்துப்போகிறது. "அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை, தாத்தா" என்றான். சொல்லும்போதே குரல் கம்மியது. சொல்லிக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில் அவன் விரல் அசைந்து, திரையில் ஒரு மங்கோலியச் சிப்பாய் விழுந்தான். பையன் அவனைக் கவனிக்கவில்லை.

குதிரைக்குப் பெயர் இருந்தது. அந்தச் சிப்பாய்க்கு இல்லை.

யசோதர காவியத்தின் கவிஞரோடு என் சண்டை இந்த இடத்தில் வேறு மாதிரி ஆகிறது. பையன் மனத்தில் கொலை இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். யசோதரன் கோழியின் சாவிலிருந்து ஒரு பலனை வேண்டினான். இவன் யாருடைய சாவையும் வேண்டவில்லை. வெட்டுவதைப்பற்றி எனக்குப் பயமில்லை. பெயரில்லாதவர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு, அவர்கள் விழுந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்கிற பழக்கம் இருக்கிறதே, அதைப்பற்றித்தான்.

அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வீடியோ விளையாட்டு தேவையில்லை என்பதும் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு. பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 ஜூன் 30-ம் தேதி, பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர்களுக்கு அவருடைய பெயர் நன்றாகத் தெரியும்; ஒரே வட்டாரத்து மனிதர்கள். அத்தனை தெரிந்தும் அவரைப் பெயரில்லாத கூட்டத்தில் சேர்த்துவிட எத்தனை தலைமுறைப் பயிற்சி வேண்டியிருந்திருக்கும்! அருகிலேயே இருக்கிறது கீழவளவு. அங்கே பாறைமேல் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துக்களும், தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. எறும்புக்கும் நோகாமல் நடக்கவேண்டுமென்று விரதம் பூண்டவர்கள் படுத்த கல். மழை வெயிலில் அது இரண்டாயிரம் வருஷமாக அங்கேயே கிடக்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். விளையாட்டைப் பிடுங்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் பையனைக் கீழவளவுக்கும், அப்படியே மேலவளவுக்கும் கூட்டிப் போங்கள் என்றேன்.

அவர் வெகு நேரம் யோசித்தார்.

"கீழவளவுக்குக் கூட்டிப் போகிறேன், சார். மேலவளவைப் பற்றி அவனிடம் என்னவென்று சொல்லுவது? 'ஏன் தாத்தா வெட்டினார்கள்?' என்று கேட்பானே!"

"கேட்கட்டும்" என்றேன்.