வெடிச்சத்தமும் காசுப்பெட்டியும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரம். யாழ்ப்பாணம் சோனகதெருவில், எங்கள் பழைய வளவில் அரைகுறையாகக் கட்டி எழுப்பிய வீட்டின் திண்ணையில் இருந்தேன். மருமகன் கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டைப் போட்டான். நிதானமான தாளம், சின்னப் பிள்ளைகளின் கூட்டுக்குரல். இடையே அடுத்தடுத்து வெடிச்சத்தம். முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ராத்தா கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

மருமகன் சிரித்தான். "பயப்பட வேணாம் உம்மா, பாட்டுத்தான். அதுவும் எங்கட யாழ்ப்பாணத்து ஆள் பாடினது."

"வெடிச்சத்தத்தைப் போய் ஆராவது பாட்டுக்குள்ள வைப்பாங்களா?" என்று ராத்தா கேட்டார். என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

பாட்டின் பெயர் 'பேப்பர் பிளேன்ஸ்'. பாடியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் மூண்டபின் 1986இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். இந்தப் பாட்டு 'கலா'வில் உள்ளது.

பாட்டின் அடியில் ஓடும் கிற்றார் இழை இரவல் வாங்கியது. 1982இல் லண்டனின் கிளாஷ் என்ற றொக் குழு வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ற் ரு ஹெல்' பாட்டிலிருந்து அதை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டிருக்கிறார்கள். பாட்டை ஆக்கியோர் வரிசையில் கிளாஷ் குழுவினரின் பெயர்களும் இருப்பது அதனால்தான். றொக் என்றதும் நம் நினைவுக்கு வரும் ஆர்ப்பாட்டம் மூலப்பாட்டில் கிடையாது. பிரேசிலின் பொஸா நோவாவை ஒத்த தாளம், தூரத்திலிருந்து வருவதுபோன்ற கிற்றார், களைத்துப்போன குரல். உருக்காலைகள் மூடப்பட்ட பிரித்தானியாவில் வேண்டாதவர்களாகிப்போன குடியேறிகள், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுச்சென்ற பிள்ளைகள் என்று எங்கும் இடமில்லாதவர்களைப் பற்றிய பாட்டு அது.

கிளாஷ் அகதியைப் பற்றிப் பாடியது. கால் நூற்றாண்டின் பின் அதே கிற்றாரின்மேல் அகதியே பேசுகிறாள். அவள் அழவில்லை, இரக்கம் கேட்கவில்லை, குறும்பு செய்கிறாள். கள்ள விசா அடிப்பதாகப் பெருமையடிக்கிறாள். பல்லவியில் சொற்கள் வரவேண்டிய இடத்தில் வெடிச்சத்தமும், துப்பாக்கியை மறுபடி ஆயத்தம் செய்யும் ஒலியும், கடையின் காசுப்பெட்டி மணியும் கேட்கின்றன. 2006இல் அவருக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அந்த அனுபவத்தில் பிறந்த கேலி இது. இவர்கள் சுடுவார்கள், காசைப் பறிப்பார்கள் என்று வந்தேறியைப் பற்றி நீங்கள் மனதில் வைத்திருக்கும் படம் இதுதானே, இந்தாருங்கள் என்று அதை அவர்கள் கையிலேயே கொடுக்கிறார்.

ஆகவே அந்தத் துப்பாக்கி பாடுபவளுடையதல்ல, அவளைப் பார்த்துப் பயப்படுபவனுடையது. இதை எல்லோரும் விளங்கிக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெடிச்சத்தத்தை மறைத்தே ஒலிபரப்பினார்கள். அதே அமெரிக்காவில் 2008இல் பாட்டு விற்பனை வரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்குக் கேலி விளங்கியிருக்கும்?

இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இசை கேட்பதைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். இசை உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதைக் கிளறிவிடுகிறது என்பது அதில் அவர் சொல்லும் ஒரு கருத்து. ராத்தாவின் உள்ளத்தில் இருந்தது 1990 ஒக்டோபர் 30. அன்று ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் எங்கள் தெருக்களில் திரிந்தன. ஆயுதம் தாங்கிய பொடியன்கள் இரண்டு மணி நேரம் தந்தார்கள். வாப்பாவின் கடையில் காசுப்பெட்டி திறந்தபடியே கிடந்தது. வடக்கிலிருந்து அந்நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்து அகதியின் பாட்டு என்று உலகம் கேட்ட இதில், யாழ்ப்பாணமே அகதிகளாக்கி அனுப்பிய எங்கள் கதை இல்லை. 1986இல் ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

ஆனாலும் அந்தப் பாட்டு எனக்கு விளங்கியது யாழ்ப்பாணத்தால் அல்ல, புத்தளத்தால். அங்குள்ள சனம் முதல் நாட்களில் தங்கள் சோற்றைப் பகிர்ந்து தந்தார்கள், அதை மறந்தால் நன்றி கெட்டவனாவேன். வருடங்கள் போகப்போக, தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் நாங்கள் போட்டியாகத் தெரியத் தொடங்கினோம். ஒருநாள் கடையொன்றில் நான் சாமான் வாங்க நின்றபோது, முதலாளி பேசாமல் காசுப்பெட்டியை இழுத்துப் பூட்டினார். எனக்கு அப்போது பதினாறு வயது. பாட்டின் அந்த மணியோசையைக் கேட்கும்போது இன்றும் அந்தப் பூட்டுத்தான் எனக்குக் கேட்கிறது.

கேலி எப்போதும் சரிதானா என்றால், அதையும் சொல்ல முடியவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பையோடு பஸ்ஸில் ஏறவே யோசித்தவர்கள் நாங்கள். 'ஓம், நாங்கள் அப்படித்தான்' என்று பகிடிக்காவது அப்போது ஒருவன் வாய் திறந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில்தான் இருந்திருப்பான். லண்டன் மேடையில் துணிவாக இருப்பது, மன்னார் வீதி சோதனைச் சாவடியில் பைத்தியக்காரத்தனம். பிறருடைய பயத்தைப் போர்த்திக்கொண்டு சிரிக்கக் கொஞ்சமாவது பாதுகாப்பு வேண்டும். அது இல்லாதவனிடம் இந்தப் பாட்டின் துணிச்சலை எதிர்பார்க்கக் கூடாது.

2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட றோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. 2009இல் துப்பாக்கியின் நிஜமான ஓசையை அந்தளவு கேட்டவர்கள் இலங்கையில் வேறெவரும் இருக்க முடியாது. அந்த ஊர் மீனவர்கள் படகில் ஆயுதத்தைத் தேடவில்லை. பசியைக் கண்டார்கள், சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். பாட்டு யாரைக் கேலி செய்கிறதோ அவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை.

ராத்தாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: வைக்கலாம். அந்தச் சத்தம் யாருடைய மனதில் இருக்கிறது என்று காட்டுவதற்காக வைக்கலாம். ஆனால் பாடியவரின் பொறுப்பு முடிகிற இடத்தில் போட்டுக் கேட்பவரின் பொறுப்பு தொடங்குகிறது. முற்றத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதெல்லாம் மருமகன் அந்தப் பாட்டைப் போடுவதென்றால் உம்மாவிடம் முதலில் சொல்லிவிடுகிறான். ராத்தா ஒன்றும் சொல்வதில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வெடிச்சத்தம் முடியும்வரை பொறுத்திருக்கிறார்.