வலி மாத்திரையும் நம் வீட்டு அமானிதமும்

 

போதை என்றதும் நமக்கு மதுக்கடைதான் நினைவுக்கு வருகிறது. காரைக்காலில் அதற்குக் குறைவில்லை. அதைப் பற்றிப் பிள்ளைகளை எச்சரித்தும் வருகிறோம். ஆனால் போதை இன்று மருந்துச் சீட்டோடும் வீட்டுக்குள் நுழைகிறது. டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபினைப் போலவே மூளையைப் பற்றுபவை. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர் இவ்வகை மருந்துகளைப் போதைக்காகப் பயன்படுத்துவதாகக் கூறிற்று. டிரமடாலை 2018-லேயே அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

மருந்து ஹராமா? இல்லை. நோயின் தேவைக்கு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்பதில் குற்றமில்லை. புற்றுநோயில் துடிப்பவருக்கு மார்ஃபின் தர நாம் தயங்க வேண்டாம். வலி தீர்ந்தபின் சுகத்துக்காக விழுங்குவதும், பிறர் சீட்டில் வாங்குவதுமே பாவத்தின் வாசல். உடலும் அறிவும் அல்லாஹ் தந்த அமானிதமல்லவா? ஆகவே மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். மீந்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

மகன் சிக்கிவிட்டான் என்றால் என்ன செய்கிறோம்? குடும்ப மானம் போகுமென்று மறைக்கிறோம், அறையில் பூட்டுகிறோம். மாத்திரை திடீரென நின்றால் கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல், உடல்வலி, தூக்கமின்மை என்று வாட்டும். சில நாள் விட்டவன் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். இது வைத்தியம் வேண்டிய நோய். அடியும் ஏச்சும் இதைத் தீர்க்காது.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சொன்னதாக ஹதீஸில் வந்துள்ளது. தண்டனை பெற்றவரையே சபிக்கக் கூடாதென்றால், நோயுற்ற நம் பிள்ளையை நாம் விரட்டலாமா?

14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவை அணுகலாம். படிப்படியாக விடுவிக்கும் மருந்துகள் உண்டு. சிறு அளவு வைத்திருந்த வழக்கில் சிக்கியவரும், தாமாக முன்வந்து அரசு அங்கீகாரமுள்ள இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடமளிக்கிறது.

மஹல்லா ஜமாஅத்தார் இத்தகைய வீட்டின் கதவை இரகசியம் காத்துத் தட்ட வேண்டும். சம்பந்தம் பேசும்போது அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கிறான். நாம் அதை அடைக்க வேண்டாம். நம் பிள்ளைகளை அவன் காப்பானாக! ஆமீன்.