கைப்பைக்குள் ஒரு ஜோடி

கிள்ளானில் விடியற்காலைக் கொமுட்டர் ஏறும் பெண்களின் கால்களை மட்டும் பார்த்தால், எல்லாரும் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறார்கள் என்று தோன்றும். சேலை கட்டியவள் காலில்கூட அடி தடித்த சப்பாத்து. ஒரு மணி நேரம் கழித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி, ஏதாவது ஒரு தூண் ஓரமாகக் குனிந்து நிமிரும்போது இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பார்கள். சப்பாத்து பைக்குள் போயிருக்கும். நானும் இருபத்திரண்டு வருஷம் தினமும் அப்படி வளர்ந்தவள்தான்.

எனக்கு ஒரு நிறுவனத்தின் முன்மேசையில் வேலை. சேர்ந்த அன்று கொடுத்த விதிமுறைத் தாளில் ஆண்களுக்கு ‘சுத்தமான சப்பாத்து’ என்று ஒரே வரி. பெண்களுக்கு மூன்று: கறுப்பாக இருக்க வேண்டும், முன்பக்கம் மூடியிருக்க வேண்டும், குதி உயர்ந்திருக்க வேண்டும். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, குளிர்சாதன அறைக்குள் வேலைக்குப் போனவளுக்கு அந்த ‘டக் டக்’ சத்தம் ஒரு பாராட்டு மாதிரி. பளிங்குத் தரையில் எனக்கு முன்னால் போய் நான் வருவதைச் சொல்லும். என் அம்மா நடந்தால் சத்தமே வராது.

நிலையத்திலிருந்து அலுவலகம் வரை சப்பாத்திலேயே நடந்து, வாசலில் மாற்றிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். லிஃப்டில் மேலாளர் நின்றால்? அந்தப் பயத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஹீல்ஸில்தான் நடந்தேன். அங்கே கடைகளின் ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஓர் உயரம். சாக்கடை மூடிக் கம்பிகளின் இடைவெளி சரியாக ஒரு குதி நுழையும் அளவு. பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில் இருப்பதால் நடைபாதைகளில் மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் அதே மேடு என்னைப் பலமுறை தடுமாற வைத்திருக்கிறது.

ஒரு நாள் ஈப்போவிலிருந்து வந்த சித்தி மகள், வேலை முடிந்ததும் பத்துமலைக்குப் போகலாம் என்றாள். மாற்றிக்கொள்ள நேரமில்லை. 272 படிகள். ஏறும்போது தெரியவில்லை, முன்பாதத்திலேயே ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் பாடம். அந்தப் படிகள் செங்குத்து, அகலமும் போதாது. உயர்ந்த குதியை எங்கே வைப்பது? நடுவழியில் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். என் கையில் இருந்ததைத் தின்பண்டம் என்று நினைத்து ஒரு குரங்கு கீழே வரை கூடவே வந்தது. அடிவாரத்தில் அரைக்கால்சட்டையோடு வரும் பெண்களை நிறுத்தி, துணியை வாடகைக்கு எடுத்து இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். காலில் என்ன மாட்டியிருக்கிறாள் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அது மேலே கோயிலுக்குள் நுழையும்போது கழற்றப்போகிற சாமான்தானே.

குதிகால் வலி பிறகு வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணிமேல் வைத்த மாதிரி. மருத்துவர் சொன்னபடி சப்பாத்துக்கு மாறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்கில் உயர்ந்த குதி போட்டவர்களுக்குக் கெண்டைத் தசை குறுகி, குதிகால் தசைநாண் விறைத்துவிடும் என்று மான்செஸ்டரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் எழுதியிருக்கிறார்கள். அதனால் தட்டைக் காலணி போட்டால்தான் அவர்களுக்கு வலிக்கும். விதிமுறைத் தாள் என் தசைவரைக்கும் போயிருக்கிறது.

கோவிட் முடிந்து அலுவலகம் திறந்தபோது நான் சப்பாத்தோடே போனேன். மருத்துவர் கடிதம் கையில் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வை மட்டும். அதே வாரம் எங்கள் இயக்குநர் வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்தார். எண்ணூறு வெள்ளி இருக்கும். ‘எவ்வளவு எளிமையான மனுஷி’ என்று எல்லாரும் சொன்னார்கள். தரை துடைக்கும் அக்கா வந்த நாளிலிருந்து சப்பாத்துதான் போடுகிறார், அதை யாரும் எளிமை என்று சொன்னதில்லை. மேலே இருப்பவருக்கு அது ஸ்டைல், கீழே இருப்பவருக்குத் தேவை. நடுவில், பார்க்கப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிற எங்களுக்குத்தான் அது மீறல்.

லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பெண்ணும் என்னைப்போல முன்மேசைக்காரிதான். 2015 டிசம்பரில் தட்டைக் காலணியோடு வேலைக்குப் போனதற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள், நாடாளுமன்றம்வரை போனது. சட்டம் மட்டும் மாறவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் வேறொரு சட்டம் வந்தது: கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் காலுக்கு முதலில் தேவைப்பட்டது நாற்காலி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலைக் கடைக்குள் நுழையும்போதெல்லாம் இப்போது என் கண் நாற்காலியைத்தான் தேடுகிறது.

அம்மா பால்மரம் வெட்டியவர். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் சின்னச் சின்ன முளைகள் வைத்தது. சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும், விலையும் அதிகமில்லை. ‘கம்போங் அடிடாஸ்’ என்று நாட்டில் எல்லாரும் கேலியாக வைத்த பெயர் அதற்குத்தான். நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது ஒரு நாள் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா தீம்பாரிலிருந்து நேராக வந்துவிட்டார். சப்பாத்தின் ஓரத்தில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலிலேயே, “சப்பாத்தக் கழட்டிட்டு வாம்மா” என்றேன். கோயிலுக்குள் போவதுபோல ஒன்றும் பேசாமல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அலுவலக அறைக்குள் வந்தார். விதிமுறைத் தாளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

போன வருஷம் என் மகள் அதே சப்பாத்தை வாங்கி வந்தாள். மலையேறுகிறவர்கள் மத்தியில் இப்போது அதற்குத்தான் மவுசாம், விலை உயர்ந்ததெல்லாம் வழுக்குமாம். படம் எடுத்துப் போட்டாள். அம்மா கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இதப் போட்டுக்கிட்டுப் படம் வேற புடிப்பாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

தைப்பூசத்தன்று மூவரும் பத்துமலைக்குப் போனோம். அம்மா அறுபது வயதுவரை துன் எச்.எஸ். லீ சாலையிலிருந்து வெள்ளி ரதத்தின் பின்னால் வெறுங்காலில் நடந்தவர், இப்போது ரயில்தான். படியில் நெரிசல். எனக்கு முன்னால் ஏறியவள் தலையில் பால்குடம், கண்ணுக்கு நேரே அவள் பாதம். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடி முட்டி புடைத்திருந்தது, சுண்டுவிரல் மடங்கிப்போயிருந்தது. முகத்தைப் பார்க்காமலே அவள் என்ன மாதிரி வேலைக்குப் போகிறாள் என்று ஊகித்துக்கொண்டேன். பின்னால் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தேன். விரல்கள் விசிறிபோல விரிந்து, ஒவ்வொன்றும் தனியாகப் படியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கியதும் மூன்று ஜோடியும் இருந்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தோம். அதற்குள் மழை பெய்து தரையெல்லாம் சேறு. அம்மா தன் சிலிப்பரை விட்டுவிட்டு, பேத்தியின் ரப்பர் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். இரண்டு அடி வைத்துப் பார்த்தார்.

“அளவு சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு நிலையத்தைப் பார்த்து நடந்தார். பேத்தி சிலிப்பரை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.